கம்பனியிடம் கேட்காமல் ஏஜென்சிக் கடையைக் கைமாற்றினால் என்ன தண்டம்?

கேள்வி இதுதான். கிளிநொச்சியில் ஒரு கம்பனியின் பெயரில் பிரான்சைஸ் கடை, அதாவது கம்பனியின் பெயரையும் முறையையும் கட்டணத்துக்கு எடுத்து நடத்தும் ஏஜென்சிக் கடை, நடக்கிறது. ஒப்பந்தம் 5 வருடத்துக்கு, அதில் 2 வருடம் மிச்சம். கடைக்காரருக்குக் கனடா விசா வந்துவிட்டது. கடையை மச்சானுக்கு விலை பேசிக் கொடுத்துவிட்டுப் போக நினைக்கிறார். கம்பனிக்குச் சொல்லாமல் செய்தால் என்ன தண்டம் வரும்?

முதலில் நேரான பதில். கம்பனி ஒப்பந்தத்தை முறிக்கலாம், டிப்பொசிற்றைப் பிடித்து வைக்கலாம், நட்டஈடு கேட்கலாம், பெயர்ப்பலகையை இறக்க வைக்க நீதிமன்றத்தில் தடையுத்தரவு எடுக்கலாம். இவை எல்லாம் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும், வாசித்தால் தெரியும். எழுதியிராத அடிதான் பெரிது. கடை உங்கள் கையை விட்டுப் போயிருக்கும், கடனும் பொறுப்பும் மட்டும் உங்கள் பெயரிலேயே நிற்கும். மச்சான் கடையில் செய்யும் ஒவ்வொரு பிழைக்கும் கனடாவில் இருக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பிரான்சைஸுக்கென்று இலங்கையில் தனிச் சட்டம் கிடையாது. ஆகவே 'அனுமதியில்லாமல் மாற்றினால் இத்தனை ரூபா தண்டம்' என்று அரசாங்கம் வகுத்த தொகை எதுவும் இல்லை. ஒப்பந்தம் என்ன சொல்கிறது, ஒப்பந்தங்களுக்குப் பொதுவாகப் பொருந்தும் உரோமன் டச்சுச் சட்டம் என்ன சொல்கிறது, வர்த்தகக் குறியை (கம்பனியின் பெயரையும் சின்னத்தையும்) பற்றி 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் என்ன சொல்கிறது என்ற மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

வன்னியில் இருப்பவருக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம், ஏனென்றால் பெர்மிற் காணியைத் தெரியாதவர் இங்கே இல்லை. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியில் நீங்கள் கிணறு வெட்டலாம், வீடு கட்டலாம், முப்பது வருடம் பயிர் செய்யலாம். ஆனால் பிரதேச செயலாளரின் முன் அனுமதி இல்லாமல் இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது. வெள்ளைத் தாளில் எழுதி, முத்திரை ஒட்டி, காசு வாங்கிக் கொடுத்தாலும் வாங்கியவர் பெர்மிற்காரர் ஆகமாட்டார். பிரான்சைஸும் அதே மாதிரிதான். கடைக்குள் போட்ட றாக்கை, பிறிட்ஜ், மேசை உங்கள் சொத்து. அவற்றை யாருக்கும் விற்கலாம். கம்பனியின் பெயரில் வியாபாரம் செய்யும் உரிமை உங்களை ஆள் பார்த்துக் கொடுத்த அனுமதி. அதை விற்கும் உரிமை உங்களிடம் இல்லை.

ஒப்பந்தத்தில் கைமாற்றம் பற்றி ஒரு வரியும் இல்லை, ஆகவே மாற்றலாம் என்று சிலர் நினைப்பார்கள். அது பிழை. உரோமன் டச்சுச் சட்டப்படி ஒருவர் தனக்கு வர வேண்டிய உரிமையைப் பொதுவாக இன்னொருவருக்கு ஒப்படைக்கலாம். தான் செய்ய வேண்டிய கடமையை மற்றவர் தலையில் ஏற்ற முடியாது, அதற்கு எதிர்த் தரப்பின் சம்மதம் வேண்டும். ஆள் பார்த்துச் செய்த ஒப்பந்தமென்றால் உரிமையைக்கூட ஒப்படைக்க முடியாது. பிரான்சைஸ் ஒப்பந்தத்தில் பாதிக்கு மேல் கடமைதானே: பொருளைக் கம்பனியிடமே வாங்குவது, சொன்ன விலையில் விற்பது, சொன்ன மாதிரிக் கடையை வைத்திருப்பது, மாதாமாதம் உரிமக் கட்டணம் கட்டுவது.

எது கைமாற்றம் என்பதில்தான் ஆட்கள் அதிகம் சறுக்குகிறார்கள். விற்றால் மட்டும்தான் கைமாற்றம் என்றில்லை. மாதம் இவ்வளவு என்று குத்தகைக்கு விடுவதும், பங்காளியைச் சேர்த்துவிட்டு மெல்ல ஒதுங்குவதும், கடையைக் கம்பனியாகப் பதிந்து பங்குகளை மாற்றுவதும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் கைமாற்றம் என்றே எழுதப்பட்டிருக்கும். 'கட்டுப்பாடு மாறுதல்' என்ற தலைப்பில் ஒரு பந்தி இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை சதவீதப் பங்கு மாறினால் அனுமதி வேண்டும் என்பது அதில்தான் இருக்கும், அது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் வேறுபடும். கூட்டுறவுச் சங்கங்களுக்கும் இது பொருந்தும். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் பெற்றோல் செட்டில் தலைவரும் பணிப்பாளர் சபையும் மாறுவது கைமாற்றம் அல்ல, சங்கம் அதே சங்கம்தான். அதே செட்டைத் தனியாள் ஒருவருக்கு மாத வாடகைக்குக் கொடுத்தால் அது கைமாற்றம்.

அற்றோர்னித் தத்துவம் கொடுத்துவிட்டுப் போனால் பிரச்சினை இல்லை என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. அற்றோர்னி உங்களுக்காகக் கையெழுத்து வைக்கும் அதிகாரம் மட்டுமே. கடை உங்களுடையதாகவே இருந்து மச்சான் உங்கள் ஆளாக நடத்தினால் அது சரி, அதுவும் 'உரிமையாளர் நேரில் நின்று நடத்த வேண்டும்' என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால்தான். காசை வாங்கிக் கொண்டு அற்றோர்னியைக் கொடுத்தால் அது விற்பனைக்குப் போட்ட போர்வை. நீங்கள் காலமானால் அற்றோர்னியும் அன்றைக்கே செல்லாமல் போகும்.

இனிக் கம்பனி எடுக்கக்கூடிய நடவடிக்கைகளைப் பார்ப்போம்.

முதலாவது ஒப்பந்த முறிப்பு. சாதாரண மீறல்களுக்கு, உதாரணமாகக் கட்டணம் பிந்தினால், திருத்திக் கொள்ள 14 நாள் அல்லது 30 நாள் என்று அவகாசம் கொடுத்து நொத்தீஸ் வரும். அனுமதியில்லாக் கைமாற்றத்தைப் பெரும்பாலான ஒப்பந்தங்கள் 'திருத்த முடியாத மீறல்' என்ற வகையில் போட்டிருக்கும். அவகாசம் கிடையாது, கடிதம் கிடைத்த நாளே முடிவு நாள். சரக்கு வருவது நிற்கும். பிரான்சைஸ் எடுக்கும்போது கட்டிய ஆரம்பக் கட்டணம் திரும்பி வராது. கம்பனியின் கணினி முறை, விலைப்பட்டியல், கையேடு எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். பெயர்ப்பலகையை இறக்கி, சுவரின் நிறத்தையும் மாற்றச் சொல்லும் ஒப்பந்தங்களும் உண்டு. அந்தச் செலவு உங்களுடையது.

இரண்டாவது, டிப்பொசிற்றும் ஒப்பந்தத்தில் எழுதிய தண்டத் தொகையும். 'அனுமதியின்றி மாற்றினால் 50 லட்சம் ரூபா' என்று எழுதியிருந்தாலும் அந்த 50 லட்சத்தையும் நீதிமன்றம் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடும் என்றில்லை. உண்மையான நட்டத்துக்குப் பொருத்தமில்லாமல் பயமுறுத்துவதற்காக எழுதிய தொகையைக் குறைக்கும்படி கேட்கலாம். இது உங்கள் சட்டத்தரணி வாதாட வேண்டிய இடம், கைவிடக் கூடாத இடம். ஆனால் டிப்பொசிற் ஏற்கெனவே கம்பனியின் கையில் இருக்கிறது. வழக்குப் போட்டுத் திருப்பி எடுக்க வேண்டியவர் நீங்கள். கையில் காசு இருப்பவருக்கு அவசரம் இல்லை.

மூன்றாவது, நட்டஈடு. கணக்குக்காக ஒரு உதாரணம்: மாத விற்பனை 20 லட்சம், உரிமக் கட்டணம் 5 சதவீதம். கம்பனிக்கு மாதம் 1 லட்சம் வரும். 2 வருடம் மிச்சமென்றால் 24 லட்சம் இழப்பு என்று கோரிக்கைக் கடிதம் வரும். அந்தத் தொகையைப் பார்த்து நெஞ்சு படபடக்கத் தேவையில்லை. நட்டத்தைக் குறைக்கும் கடமை கம்பனிக்கும் உண்டு. நான்கு மாதத்தில் அதே ஊரில் வேறு ஆளுக்கு ஏஜென்சி கொடுத்திருந்தால், நியாயமாகக் கேட்கக்கூடியது அந்த நான்கு மாதக் கட்டணமும் புதிய ஆளைப் பிடித்த செலவும்தான். ஆகவே கடை மூடிய பிறகு அந்த ஊரில் கம்பனி எப்போது, யாருக்குக் கொடுத்தது என்பதைத் திகதியோடு குறித்து வையுங்கள், பெயர்ப்பலகையைப் படமும் எடுத்து வையுங்கள். எழுத்து ஒப்பந்தத்தின் மேல் வழக்குப் போடக் காலவரையறை 6 வருடம். இரண்டு வருடம் சத்தமில்லை, விட்டுவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம்.

நான்காவது, தடையுத்தரவு. ஒப்பந்தம் முறிந்த பிறகும் கம்பனியின் பெயரில் கடை திறந்திருந்தால் அது வர்த்தகக் குறி மீறல். நீதிமன்றம் மறுதரப்பை விசாரிப்பதற்கு முன்பே 14 நாளுக்கு மேற்படாத இடைக்காலக் கட்டளை ஒன்றைப் பிறப்பிக்கலாம், அதை நீடிக்கவும் வழி உண்டு. பெயரின் சொந்தக்காரர் எவ்வளவு வேகமாகக் கதவைச் சாத்த முடியும் என்பதை 2024 மார்ச் மாதம் நாடே பார்த்தது: மக்டொனால்ட்ஸ் தன் இலங்கை உரிமத்தை முறித்ததும் 12 கிளைகளும் மூடப்பட்டன. அங்கே காரணம் கைமாற்றம் அல்ல, தரம் பற்றிய முரண்பாடு. வழிமுறை ஒன்றுதான். வேண்டுமென்றே குறியை மீறுவது புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் குற்றமும் கூட, தண்டப்பணமும் சிறையும் வரலாம். அதில் முதலில் மாட்டுவது கடையில் நிற்கும் மச்சான்தான்.

வழக்கு நடக்கும் இடத்தையும் கவனியுங்கள். கொழும்பு நீதிமன்றம் அல்லது கொழும்பில் நடுத்தீர்ப்பு (நீதிமன்றத்துக்கு வெளியே தீர்ப்பாளர் ஒருவர் தீர்த்து வைப்பது) என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், ஒவ்வொரு தவணைக்கும் கிளிநொச்சியிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் போய் வர வேண்டும். நடுத்தீர்ப்பென்றால் தீர்ப்பாளரின் கட்டணத்தில் பங்கும் கட்ட வேண்டும். சின்னக் கடைக்காரர் பலர் வழக்கில் தோற்பதற்கு முன் செலவில் தோற்கிறார்கள்.

மறுபோட்டித் தடையைப் பற்றி ஒரு சொல். முறிந்த பிறகு ஒரு வருடமோ இரண்டு வருடமோ, 10 கிலோமீற்றருக்குள் அதே வகை வியாபாரம் செய்யக் கூடாது என்று எழுதியிருப்பார்கள். கொழும்பில் 10 கிலோமீற்றர் என்பது வேறு, கிளிநொச்சியில் வேறு. இங்கே அந்த வட்டத்துக்குள் பரந்தனும் வந்துவிடும். பிழைப்பையே முடக்கும் அளவுக்குத் தடை விரிந்தால் அது நியாயமற்றது என்று வாதிட இடமுண்டு.

இப்போது உண்மையில் ஆளை விழுத்தும் விஷயத்துக்கு வருவோம், காசோலைகளும் வங்கி உத்தரவாதமும். பிரான்சைஸ் எடுக்கும்போது கம்பனி உங்களிடம் திகதி போடாத காசோலைகள் சில வாங்கியிருக்கும், அல்லது நீங்கள் கட்டாவிட்டால் வங்கி கட்டும் என்ற வங்கி உத்தரவாதம் ஒன்று, அதற்குப் பின்னால் உங்கள் வீட்டின் உறுதி. கடையைக் கைமாற்றுகிறீர்கள், மச்சான் காசு தருகிறார், நீங்கள் விமானம் ஏறுகிறீர்கள். காசோலைகள் கம்பனியின் பெட்டிக்குள் அப்படியே இருக்கின்றன. ஆறு மாதம் கழித்து மச்சான் கடனுக்கு எடுத்த சரக்குக்குக் காசு கட்டவில்லை என்றால், கம்பனி உங்கள் காசோலைக்குத் திகதி போட்டு வங்கியில் போடும். கணக்கில் காசு இல்லாமல் திரும்பினால் 1990 ஆம் ஆண்டின் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ் உங்கள் பெயருக்கு நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு வரலாம். ஊருக்கு லீவில் வரும் நேரம் விமான நிலையத்தில் பிரச்சினையாக முடியக்கூடிய காரியம் இது. வங்கி உத்தரவாதம் இன்னும் கடுமை. கேட்டவுடன் கொடுக்கும் வகை உத்தரவாதமென்றால் கம்பனி கேட்ட தொகையை வங்கி கொடுத்துவிட்டுப் பிறகு உங்களிடம் வரும். யார் பிழை என்று வங்கி விசாரிக்காது. ஈட்டில் இருக்கும் வீடு ஏலத்துக்கு வரும்.

இதைவிட மோசமானது, வெற்றுக் கடிதத்தாளிலும் காசோலைப் புத்தகம் முழுவதிலும் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டுப் போவது. இன்னும் மோசமானது, நீங்கள் போன பிறகு உங்கள் கையெழுத்தை மச்சான் போட்டு ஓடர் அனுப்புவது. அது ஒப்பந்த மீறல் என்ற எல்லையைத் தாண்டிப் போலி ஆவணம் என்ற குற்றத்துக்குப் போகிறது. விற்றபின் காசு கட்டும் முறையில் கம்பனி சரக்கு இறக்கியிருந்தால் அந்தச் சரக்கு கம்பனியினுடையது. அதையும் சேர்த்து மச்சானுக்கு விலை பேசியிருந்தால் நம்பிக்கை மோசடி என்று பொலிசில் முறைப்பாடு வர வாய்ப்புண்டு. சொந்தத்துக்குள் செய்யும் காரியம்தானே என்று இதைச் செய்ய வேண்டாம். சட்டத்துக்கு மச்சான் முறை தெரியாது.

வாங்குகிறவரின் நிலையும் பரிதாபமானது. உங்களுக்கும் அவருக்கும் இடையிலான ஒப்பந்தம் கம்பனியைக் கட்டாது. அவர் 40 லட்சம் கொடுத்திருந்தாலும் கம்பனியின் கண்ணில் அவர் யாரோ ஒருவர். கடை தீப்பற்றினால் காப்புறுதி பழையவரின் பெயரில், பிரதேச சபையின் வியாபார அனுமதிப்பத்திரம் பழையவரின் பெயரில், ஊழியர்களின் சேமலாப நிதிக் கணக்கும் பழையவரின் இலக்கத்தில். இது மருந்தகமென்றால் இன்னும் சிக்கல், ஏனென்றால் மருந்து விற்பனைக்கான அனுமதிப்பத்திரம் ஆளையும் இடத்தையும் பார்த்துத் தருவது. கடைக் கட்டடத்தைப் பற்றியும் விசாரிக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதினால்தான் செல்லும். கட்டடம் பெர்மிற் காணியில் நின்றால் குத்தகைக்கே பிரதேச செயலகத்தின் அனுமதி கேட்க வேண்டும். அனுமதியில்லாத உரிமம், அனுமதியில்லாத நிலம், இரண்டின் மேலும் நின்று வியாபாரம் செய்யப் போகிறாரா என்று வாங்குகிறவர் யோசிக்க வேண்டும். முறிந்தால் அவர் காசைத் திருப்பிக் கேட்டு உங்கள் மேல்தான் வழக்குப் போடுவார். ஒரு பக்கம் கம்பனி, மறுபக்கம் சொந்தம்.

'றெப் ஓம் எண்டவர்' என்பதை நம்பி இறங்குபவர்கள் ஏராளம். மாதாமாதம் ஓடர் எடுக்க வரும் விற்பனைப் பிரதிநிதிக்கு விற்பனை இலக்குத்தான் கவலை, அவர் தலையாட்டுவார். ஒப்பந்தத்தில் 'எழுத்துமூல அனுமதி' என்றிருந்தால் அவருடைய வாய்ச்சொல்லுக்குப் பெறுமதி இல்லை. புதியவர் நடத்துவது தெரிந்துகொண்டே கம்பனி மாதக்கணக்கில் அவரிடம் காசு வாங்கி ரசீது கொடுத்திருந்தால், உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டது என்று வாதாடலாம். அந்த ரசீதுகளையும் குறுஞ்செய்திகளையும் அழிக்காதீர்கள். இருந்தாலும் 'ஒருமுறை பொறுத்ததால் உரிமை போய்விடாது' என்ற வரியைப் பெரும்பாலான கம்பனிகள் ஒப்பந்தத்தில் போட்டுத்தான் இருக்கின்றன. விட்டுக்கொடுத்தது என்ற வாதத்தை நம்பிக் கடையை விற்கலாகாது.

சரியாகச் செய்வது கடினமில்லை, நேரம்தான் வேண்டும். பயணத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்னதாகக் கம்பனியின் தலைமைக் காரியாலயத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். கடிதத்தில் வாங்குகிறவரின் பெயர், பேசிய விலை, மாற்ற விரும்பும் திகதி மூன்றும் இருக்கட்டும். அடையாள அட்டைப் பிரதி, கிராம அலுவலரின் சான்று, ஆறு மாத வங்கிக் கூற்று, கடையின் குத்தகை உறுதி ஆகியவற்றை இணையுங்கள். விலையை மறைக்காதீர்கள். அதே விலைக்குக் கம்பனியே முதலில் வாங்கும் உரிமை பல ஒப்பந்தங்களில் இருக்கும், பொய் விலை போட்டால் அந்தப் பொய்யே தனி மீறலாகும். கம்பனி மாற்றுக் கட்டணம் கேட்கும், வாங்குகிறவரைப் பயிற்சிக்கு அழைக்கும், உங்கள் பாக்கியை முழுக்கத் தீர்க்கச் சொல்லும். இவை சாதாரணம். 'நியாயமான காரணமின்றி அனுமதி மறுக்கப்படாது' என்ற சொற்கள் ஒப்பந்தத்தில் இருந்தால், மறுப்புக்குக் காரணத்தை எழுத்தில் கேட்கும் பலம் உங்களுக்கு உண்டு. அந்தச் சொற்கள் இல்லாவிட்டால் பலம் குறைவு, பேசித்தான் பெற வேண்டும்.

மச்சானோடு எழுதும் உடன்படிக்கையில் முதல் வரியே 'கம்பனியின் எழுத்துமூல அனுமதி கிடைத்தால் மட்டுமே இது செல்லும்' என்று இருக்கட்டும். முற்பணமாகப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கைமாற வேண்டாம், மிச்சம் சட்டத்தரணியிடம் நிற்கட்டும். அனுமதி வந்த பிறகு கம்பனி, நீங்கள், மச்சான் மூவரும் கையெழுத்திடும் முத்தரப்பு ஒப்பந்தம் எழுத வேண்டும். அதில் இந்தத் திகதிக்குப் பிந்திய கடனுக்குப் பழையவர் பொறுப்பல்ல என்ற வரி இல்லாவிட்டால் கையெழுத்து வைக்காதீர்கள். அனுமதிக் கடிதம் கிடைத்ததும் சந்தோஷத்தில் ஆட்கள் மறந்துவிடும் வரி இதுதான். மாற்றும் நாளில் சரக்கை எண்ணி மூவரும் ஒப்பமிடுங்கள். பிறகு வியாபாரப் பெயர்ப் பதிவு, பிரதேச சபை அனுமதிப்பத்திரம், காப்புறுதி, மின்கணக்கு எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

ஒரு வருடத்தில் திரும்பி வரும் எண்ணம் இருந்தால் விற்கவே தேவையில்லை. மச்சானைச் சம்பளத்துக்கு முகாமையாளராக வைத்து, அதையும் கம்பனிக்கு எழுதி அறிவித்து, வங்கிக் கணக்கை உங்கள் பெயரிலேயே வைத்திருக்கலாம். சம்பளத்துக்குச் சேமலாப நிதியும் கட்டுங்கள். அவர் முகாமையாளர்தான் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

ஏற்கெனவே மாற்றிவிட்டவர்கள் இதை வாசித்தால், நொத்தீஸ் வருமுன் நீங்களாகப் போய்ச் சொல்வதே நல்லது. நீங்கள் சொல்லாவிட்டாலும் தெரியவரும்: சரக்கு இறக்கும் சிட்டையில் வேறு கையெழுத்து, வேறு கணக்கிலிருந்து காசு, பக்கத்து ஊர் ஏஜென்சிக்காரரின் முறைப்பாடு. சட்டத்தரணி மூலம் ஒரு கடிதம் எழுதி, நடந்ததைச் சொல்லி, பின்னனுமதி கேளுங்கள். பாக்கி இல்லாமல் விற்பனை நன்றாக நடக்கும் கடையை மூடுவதில் கம்பனிக்கும் இலாபம் இல்லை, மாற்றுக் கட்டணத்தோடு முடிய இடமிருக்கிறது. நொத்தீஸ் வந்துவிட்டதென்றால் உறையில் உள்ள தபால் முத்திரைத் திகதியைப் பத்திரப்படுத்துங்கள், கொடுத்த நாட்களுக்குள் பதிவுத் தபாலில் பதில் போடுங்கள். அதுவரை சரக்கை இடம் மாற்ற வேண்டாம், காசோலைகளை நிறுத்த வேண்டாம். இரண்டும் உங்களுக்கு எதிரான சாட்சியாகத் திரும்பும்.

எந்த வழியில் முடிந்தாலும் கம்பனியிடமிருந்து காசோலைகளை ஒவ்வொன்றாக இலக்கம் எழுதித் திருப்பி வாங்குங்கள், வங்கி உத்தரவாதத்தின் மூலப் பிரதியை வங்கியில் கொடுத்து இரத்துச் செய்த கடிதத்தையும் எடுங்கள். அந்த இரண்டும் கைக்கு வரும் நாள்வரை பயணச் சீட்டைப் பிற்போடுவது நல்லது.